தொலேதோ ஆடும், அவள் பார்ப்பாள்

ஆமாம், ஒரு குருவியைப் பார்க்கத்தான் போனேன். வேலை தேடி இல்லை, மேற்படிப்புக்கு இல்லை, அங்கே சொந்தக்காரர் யாரும் இல்லை. கோஸ்டா ரிகா என்ற நாட்டின் காட்டில், என் உள்ளங்கையில் அடங்கிவிடுகிற ஒரு குருவி தன் ஜோடிக்காக ஆடுவதைப் பார்க்கப் போனேன். "ஏம்மா, நம்ம தென்னேரி ஏரியில இல்லாத குருவியா?" என்று காஞ்சிபுரத்தில் கேட்காதவர் இல்லை. தென்னேரி ஏரிக்கரையில் ஞாயிறுதோறும் பைனாகுலரோடு நிற்கிறவள் என்ற முறையில் சொல்கிறேன். இல்லை. இந்தக் குருவி அங்கே இல்லை.

படித்தது விலங்கியல். பார்க்கும் வேலை, பெரிய காஞ்சிபுரத்தில் ஒரு பட்டுக்கடையில் ஆன்லைன் விற்பனைக்குப் புடவைகளைப் படமெடுத்து, படத்தின் கீழே நிறத்தின் பெயரை எழுதுவது. கோஸ்டா ரிகாவில் ஒரு காட்டு ஆய்வு நிலையம், பத்து நாள் உட்கார்ந்து குருவியின் ஆட்டத்தைக் கவனித்து எழுதத் தன்னார்வலர் வேண்டும், சாப்பாடும் தங்குமிடமும் எங்களுடையது என்று அறிவித்திருந்தது. விண்ணப்பித்தேன். கிடைத்தது. விமானச் செலவுக்கு நான் சேர்த்து வைத்திருந்தது சரியாக இருந்தது.

அம்மா ஒரே ஒரு நிபந்தனையோடு சம்மதித்தாள். "வியாழக்கிழமை வந்து இறங்கணும். வெள்ளிக்கிழமை உன்னைப் பாக்க வராங்க."

பெண் பார்க்க வருவது எனக்கு அது மூன்றாவது முறை. முதலில் வந்தவர்கள் கேசரி சாப்பிட்டு, மாப்பிள்ளையின் அக்காவை என் பக்கத்தில் நிற்கவைத்து உயரம் பார்த்தார்கள். "வீட்டுக்குப் போய் கலந்து பேசிட்டு சொல்றோம்" என்று எழுந்தார்கள். பொண்ணு குள்ளம் என்று தரகர் வழியாகச் சொல்லியனுப்பினார்கள். இரண்டாவதாக வந்தவர்களும் அதே வாக்கியத்தைச் சொல்லிவிட்டுப் போனார்கள். அதோடு சரி. குள்ளம் என்றுகூடச் சொல்லவில்லை. அம்மா இரண்டு வாரம் போனும் கையுமாக இருந்தாள். தறியில் உட்காரும்போதுகூட மடியில் போன்.

இரண்டு முறையும் நான் கட்டியது ஒரே புடவை. அரக்கு நிற உடல், மாம்பழ மஞ்சள் கரை. எங்கள் வீட்டுத் தறியிலேயே நெய்தது. உடலும் கரையும் வேறு நிறமாக இருந்து இரண்டும் இழை இழையாகக் கோத்துக்கொள்ளும் இந்த நெசவுக்குக் கோர்வை என்று பெயர். தறியில் இரண்டு பேர் வேண்டும். அப்பா நடுவில் உட்கார்ந்து, ஊடிழை சுற்றிய நாடாவை உடலுக்கு எறிவார். அம்மா அவருக்கு வலப்பக்கம் உட்கார்ந்து கரைக்கு எறிவாள். அவள் ஓர் இமை நேரம் பிந்தினால் கரை விலகிவிடும்.

அந்தப் புடவையை அம்மா என் கைப்பையில் வைத்தாள். "காட்டுக்கு எதுக்கும்மா பட்டு?" என்றேன். "அங்க மரம், பூவெல்லாம் இருக்கும் இல்ல? கட்டிக்கினு ஒரு போட்டோ எடுத்து அனுப்பு. மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்பணும்." பெரிய பெட்டியில் வைக்கிறேன் என்றதற்கு, பைத்தியமா என்பது போலப் பார்த்தாள். எங்கள் ஊரில் யாரும் பட்டைக் கைவிட்டு அனுப்ப மாட்டார்கள். பெட்டி தொலைந்தால் தொலையட்டும், பட்டு கையோடு இருக்க வேண்டும்.

பெட்டி தொலைந்தது.

முதல் நாளைப் பற்றிச் சொல்ல வேறு என்ன இருக்கிறது? காட்டுக்கு என்று பார்த்துப் பார்த்து வாங்கிய மங்கல் நிறச் சட்டைகள், பூட்ஸ், மழைக்கோட்டு எல்லாம் உலகத்தின் ஏதோ ஒரு விமான நிலையத்தில் சுற்றிக்கொண்டிருக்க, உடுத்தியிருந்த மாம்பழ மஞ்சள் குர்தாவும் கைப்பையில் ஒரு பட்டுப் புடவையும் ஒரு டப்பா இட்லிப் பொடியுமாகக் கோஸ்டா ரிகாவில் நின்றேன். பொடியும் அம்மாவின் வேலைதான்.

மலைக்குப் போன பஸ் ஓர் ஓடையைக் கடக்கும்போது நடுவில் நின்றுவிட்டது. தள்ளுவதற்கு எல்லோரும் இறங்க வேண்டும். என் பக்கத்து இருக்கை அம்மாள் மடியில் ஒரு பெரிய பிறந்தநாள் கேக் வைத்திருந்தார். ஓட்டுநர் திரும்பிப் பார்த்துச் சொன்னார்: "எல்லாரும் இறங்குங்க. கேக் மட்டும் இருக்கட்டும்." முழங்கால் தண்ணீரில் நின்று தள்ளினோம். எங்கள் ஊர் ஷேர் ஆட்டோ நடுரோட்டில் நின்றால் ஓட்டுநரைத் தவிர யாரும் இறங்க மாட்டோம். உட்கார்ந்தபடியே யோசனைதான் சொல்வோம். இங்கே அந்த அம்மாள் கேக்கை இருக்கையில் வைத்துவிட்டு எனக்கு முன்னால் போய் முதுகைக் கொடுத்துத் தள்ளினார். பஸ் கிளம்பியதும் எல்லோரும் கேக்குக்குத்தான் முதலில் கை தட்டினார்கள்.

ஆய்வு நிலைய வாசலில் என்னை வரவேற்றவள் லூசியா. என் வயதுதான் இருக்கும். காட்டில் வழிகாட்டி வேலை. அவள் பேசியது ஸ்பானிஷ் கலந்த ஆங்கிலம். ஆனால் அது என் காதில் எங்கள் ஊர்ப் பேச்சாகவே விழுந்ததால் அப்படியே எழுதுகிறேன்.

"பெட்டி எங்கம்மா?"

"வரல."

"அதுல இன்னா இருந்தது?"

"காட்டுக்கு வேண்டியது எல்லாம்."

"கையில?"

திறந்து காட்டினேன். வெள்ளை மல் துணியைப் பிரித்து அரக்குப் பட்டைப் பார்த்தவள், கதவில் சாய்ந்து நின்று சிரித்தாள். பிறகு கையைப் பேண்ட்டில் துடைத்துக்கொண்டு ஜரிகையை ஒரு விரலால் தொட்டுப் பார்த்தாள். "கல்யாணமா?"

"இல்ல. கல்யாணத்துக்கு முன்னாடி நடக்கற கூத்து" என்றேன்.

மறுநாள் விடியும் முன்பே காட்டுக்குள் போனோம். அந்தக் குருவிக்கு ஊர்க்காரர்கள் வைத்த பெயர் தொலேதோ. அது அப்படித்தான் கூப்பிடுமாம். ஆண் குருவிக்குக் கறுப்பு உடல், முதுகில் ஆகாய நீலம், தலையில் ரத்தச் சிவப்பில் ஒரு தொப்பி, ஆரஞ்சுக் கால்கள், வாலில் உடம்பைவிட நீளமாக இரண்டு இறகுகள். எங்கள் கடையில் ஒரே புடவையில் இத்தனை நிறம் கேட்டு வாடிக்கையாளர் வந்தால் உள்ளுக்குள் சிரிப்போம். பெண் குருவி வெறும் பச்சை, அதுவும் மங்கல் பச்சை.

தரையிலிருந்து முழங்கால் உயரத்தில் படுக்கையாக வளைந்த ஒரு கொடிதான் ஆடுகளம். அதற்குக் கொஞ்சம் தள்ளி ஒரு சாக்குத்துணி மறைப்புக்குப் பின்னால் உட்கார்ந்தோம். ஒன்றும் வரவில்லை. ஒரு மணி நேரம், இரண்டு மணி நேரம், நான்கு மணி நேரம். மேலே எங்கோ எச்சரிக்கைக் குரல் மட்டும் கேட்டது. கடைசியில் லூசியா என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"உன்னைப் பாத்தா எனக்கே பயமா இருக்குது. காட்டுக்கு நடுவுல மாம்பழம் மாதிரி உக்காந்துக்கினு இருக்க."

அன்று மாலை அவள் தன் அப்பாவின் பழைய சட்டை ஒன்றைக் கொண்டுவந்து தந்தாள். பச்சை என்று சொல்லலாம். எங்கள் கடையில் இதைப் படமெடுத்தால் கீழே என்ன எழுதுவேன் என்று யோசித்தேன். பாசிப் பச்சை என்றால் பாசிக்குக் கோபம் வரும். மறுநாள் முதல் பத்தாவது நாள்வரை அதையே துவைத்துத் துவைத்துப் போட்டேன். பெட்டி கடைசிவரை வரவில்லை.

சாப்பாட்டைச் சொல்லாமல் விட முடியாது. காலையிலேயே சோறு. கறுப்பு பீன்ஸோடு வதக்கிய சோறு, பொரித்த வாழைப்பழம், முட்டை. நம் ஊரில் விடிந்ததும் சோறு தின்றால் காய்ச்சலா என்று கேட்பார்கள். நான்காம் நாள் தாங்க முடியாமல் இட்லிப் பொடியை எடுத்து அதன்மேல் தூவினேன். அடடா. லூசியாவும் ஒரு கரண்டி தூவிக்கொண்டாள். இருமி, கண்ணைத் துடைத்து, தண்ணீர் குடித்து, மறுபடியும் டப்பாவை நீட்டினாள். ஆறாம் நாள் டப்பா காலி.

பச்சைச் சட்டைக்குப் பலன் உடனே கிடைத்தது. மூன்றாம் நாள் காலையில் மேலே ஒரு கிளையில் தொ-லே-தோ என்று ஒரு குரல் கேட்டது. பைனாகுலரில் பார்த்தால் இரண்டு ஆண் குருவிகள் தோளோடு தோள் ஒட்டி உட்கார்ந்திருந்தன. இரண்டு வாயும் திறந்திருந்தன, குரல் ஒன்றுதான் கேட்டது. அவ்வளவு துல்லியமாகச் சேர்ந்து பாடின. நிறுத்தின. மறுபடி பாடின. நாள் முழுக்க இதே வேலை.

"அண்ணன் தம்பியா?" என்று கிசுகிசுத்தேன்.

"சொந்தமும் இல்ல, ஒண்ணும் இல்ல. மொத ஆளு, ரெண்டாவது ஆளு, அவ்ளோதான். பொண்ணு வந்தா ரெண்டு பேரும் சேர்ந்து ஆடுவானுங்க. பொண்ணு சரின்னா மொத ஆளுக்குத்தான். ரெண்டாவது ஆளுக்கு ஒண்ணும் கிடையாது. மொத ஆளு போய்ச் சேர்ற வரைக்கும் வருஷக்கணக்கா கூட நின்னு ஆடிக்கினே இருப்பான்."

எனக்குக் கோபம் வந்தது. எங்கள் வீட்டில் சர்க்கார் தந்த நெசவாளர் அடையாள அட்டை அப்பா பேரில்தான் இருக்கிறது. இத்தனை வருஷமாக வலப்பக்கம் உட்கார்ந்து கரை எறிகிற அம்மாவுக்கு அட்டை கிடையாது. "ரெண்டாவது ஆளு இல்லைன்னா ஆட்டமே கிடையாது" என்று கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன். குருவிகள் பறந்துபோயின. லூசியா தலையில் அடித்துக்கொண்டாள்.

எனக்குச் சாயங்காலம், அம்மாவுக்கு மறுநாள் விடிகாலை. அந்த நேரத்தில் தினமும் போன் வரும்.

"போட்டோ எடுத்தியாடி?"

"இல்லம்மா."

"இன்னும் பெட்டி வரலையா? பட்டுதான் கையில இருக்குதே, அதைக் கட்டிக்கினு எடேன். அவங்க வீட்ல கேட்டுக்கினே இருக்காங்க."

"அம்மா, இங்க ஆம்பளைதான் அலங்காரம் பண்ணிக்கினு ஆடறான். பொண்ணு சாதா பச்சையில வந்து, உக்காந்து, பாத்துட்டு, பிடிச்சா இருக்குது. பிடிக்கலன்னா போவுது."

"அப்புறம் கூடு கட்டறது யாரு?"

"அவதான்."

"குஞ்சுக்கு எரை?"

"அதுவும் அவதான். அவன் எட்டிக்கூடப் பாக்க மாட்டான்."

"அதானே பாத்தேன்" என்றாள் அம்மா.

அந்த இடத்தில் நான் தோற்றேன் என்று ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஆறாம் நாள் போனில் விடவில்லை. "நம்ம ஊர் அம்மனே மாமரத்தடியில உக்காந்து தவம் பண்ணி, இவர்தான் வேணும்னு தானே முடிவு பண்ணி ஏகாம்பரநாதரைக் கட்டிக்கினவங்க. வருஷா வருஷம் பங்குனி உத்திரத்துக்கு நீதானே என்னைக் கூட்டிக்கினு போய் அந்தக் கல்யாணத்தைக் காட்டற?"

"அவ அம்மன்டீ. நீ யாரு?"

இந்தக் கேள்வியோடுதான் மறுநாளும் போய் மறைப்புக்குப் பின்னால் உட்கார்ந்தேன். ஏழாம் நாள் பெண் குருவி வரவில்லை. எட்டாம் நாளும் வரவில்லை. கழுத்தில் உண்ணி ஏறியது, பேண்ட்டுக்குள் எறும்பு. ஆண்கள் இரண்டும் ஆளில்லாத கொடியில் இறங்கி ஒத்திகை பார்த்தன, குதித்தன, இடம் மாறின, மேலே போய்ப் பாடின. நான் நோட்டில் "யாரும் வரவில்லை" என்று எழுதினேன். அதையே மறுபடி எழுதினேன். ஆட்டம் பார்க்காமலே திரும்பினால் ஊரில் என்ன சொல்வார்கள் என்று எனக்குத் தெரியும். குருவிகூட உன்னைப் பார்க்க வரலையா என்பார்கள்.

பத்தாம் நாள் காலை, அதுதான் கடைசி நாள், கொடியின் ஓரத்தில் ஓர் இலை நகர்ந்தது. லூசியா என் கையைப் பிடித்து அழுத்தினாள். இலை இல்லை, அவள்தான். மங்கல் பச்சை. ஆரஞ்சுக் கால் மட்டும் இல்லையென்றால் கண்ணிலேயே பட்டிருக்க மாட்டாள்.

ஆண்கள் இரண்டும் இறங்கின. அவள் பக்கமாக முகம் வைத்து வரிசையாக உட்கார்ந்தன. முன்னால் இருந்தது நேராக மேலே எழும்பி, காற்றில் ஒரு கணம் இறகடித்து நின்று, பின்னால் வந்து விழுந்தது. அதற்குள் பின்னால் இருந்தது நகர்ந்து முன்னால் வந்துவிட்டது. இப்போது அது எழும்பியது. பிறகு இது. பிறகு அது. சக்கரம் சுற்றுவது போல. வேகம் கூடக் கூட கறுப்பும் சிவப்பும் நீலமும் கலந்து, இரண்டு குருவி என்பதே மறந்து, நெய்துகொண்டிருக்கும் ஒரே துணியாகத் தெரிந்தது. அவள் மட்டும் அசையவில்லை. தலையைக் கொஞ்சம் சாய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சட்டென்று முதல் ஆளிடமிருந்து ஒரு கூர்மையான சத்தம். ரெண்டாவது ஆள் விலகிப் போய்விட்டான். முதல் ஆள் இப்போது தனியாக, பட்டாம்பூச்சி மாதிரி மெதுவாக, அவளைச் சுற்றிச் சுற்றிப் பறந்தான். ஒரு சுற்று, இரண்டு, மூன்று. அவள் இறகைக் கோதினாள். இன்னொரு முறை அவனை நன்றாகப் பார்த்தாள்.

போய்விட்டாள்.

அவ்வளவுதான். ரெண்டாவது ஆள் கடைசியில் அரை இமை பிந்திவிட்டான், கரை விலகியதை அவள் கண்டுபிடித்துவிட்டாள் என்றேன். கோர்வைத் தறிப் பக்கத்தில் வளர்ந்தவளுக்கு அது தெரியும் என்றேன். லூசியா ஒத்துக்கொள்ளவில்லை. "அவளுக்குப் பிடிக்கல. காரணம் சொல்லணும்னு அவளுக்கு இன்னா தலையெழுத்து? இன்னும் நாலு எடம் பாப்பா. இங்கயே திரும்பி வந்தாலும் வருவா."

மேலே கிளையில் இரண்டும் மறுபடி தோளோடு தோள் உட்கார்ந்து தொ-லே-தோ என்று ஆரம்பித்துவிட்டன. யாரும் யாரையும் குள்ளம் என்று சொல்லவில்லை.

அன்று நானே போன் செய்தேன். "அம்மா, வெள்ளிக்கிழமை அவங்க வர வேண்டாம். நான் போறேன். மாப்பிள்ளை வீட்டைப் பாக்க."

எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளை வீடு பார்க்கப் போவது உண்டு. பெண்ணை அவர்களுக்குப் பிடித்த பிறகு, பெண் வீட்டுப் பெரியவர்கள் போவார்கள். பெண் போக மாட்டாள். அவள் கல்யாணமாகித்தான் அந்த வீட்டு வாசலையே மிதிப்பாள். அம்மா போனை வைத்துவிட்டாள். அதன்பிறகு வழியெல்லாம் அவளிடமிருந்து ஒரு சொல் இல்லை. கிளம்பும்போது சட்டையைத் திருப்பிக் கொடுத்தேன். லூசியா வாங்கவில்லை.

வியாழக்கிழமை வீட்டுக்குள் நுழைந்தபோது அப்பாதான் முதலில் பேசினார். தறியை நிறுத்தாமலே சொன்னார். "அவங்களுக்கு நான் பேசிட்டேன். மொதல்ல நாங்க வரோம்னேன். பொண்ணும் வருதுன்னேன்."

"இன்னா சொன்னாங்க?"

"பொண்ணுமான்னு ரெண்டு தடவ கேட்டாங்க. அப்புறம் எத்தினி பேருன்னு கேட்டாங்க. டிபனுக்கு."

அம்மா அவருக்கு வலப்பக்கம் உட்கார்ந்து, என்னைப் பார்க்காமல் கரைக்கு நாடா எறிந்துகொண்டிருந்தாள்.

வெள்ளிக்கிழமை கட்டில்மேல் அரக்குப் பட்டு மடிப்புக் கலையாமல் இருந்தது. நான் குளித்துவிட்டு லூசியா தந்த பச்சைச் சட்டையைப் போட்டுக்கொண்டு வெளியே வந்தேன். அம்மா பார்த்தாள். "கழட்டிக் குடு" என்றாள். கொடுத்தேன். இஸ்திரி போட்டு, காலரை நீவி, திருப்பித் தந்தாள்.

சின்னக் காஞ்சிபுரத்துக்கு ஆட்டோவில் போனோம். மாப்பிள்ளை பிரகாஷ், கார் கம்பெனியில் வேலை. புதுப் பட்டு வேட்டி. அதை இடுப்பில் ஒரு கையால் பிடித்துக்கொண்டே நடந்தார். அவர் அம்மா கட்டச் சொல்லியிருக்க வேண்டும். காபித் தட்டை யார் கொண்டுவருவது என்று உள்ளே ஏதோ பேச்சு நடந்தது. கடைசியில் அவரே கொண்டுவந்தார். ஒரு கையில் தட்டு, ஒரு கையில் வேட்டி. டம்ளர்கள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டன.

"சமைக்கத் தெரியுமா?" என்று கேட்டேன். என்னிடம் இரண்டு வீட்டாரும் கேட்ட கேள்வி.

"தோசை வரும். ரவுண்டா வராது."

பொய் சொல்லவில்லை என்று மனதுக்குள் குறித்துக்கொண்டேன். பத்து நாள் பழக்கம், கை நோட்டைத் தேடியது.

அவர் அம்மா என் சட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் தாங்கவில்லை. "பொண்ணு இன்னாமா, ஆம்பள சட்டையில வந்திருக்குது? நெசவுக்காரங்க வீட்டுப் பொண்ணு, ஒரு பட்டு கட்டிக்கினு வந்திருக்கலாமே."

பதில் சொல்ல நான் வாயைத் திறந்தேன். ஓர் இமை நேரம்கூட இல்லை, அதற்குள் அம்மா குறுக்கே எறிந்துவிட்டாள்.

"காட்டறதுக்கு வந்திருந்தா கட்டியிருப்பாம்மா. பாக்க வந்திருக்கா."

அப்பா காபியைக் கீழே வைத்தார். பிரகாஷ் தரையைப் பார்த்துச் சிரித்தாரா, இருமினாரா, தெரியவில்லை.

எழுந்துகொள்ளும் நேரம் வந்தது. இந்த இடத்தில் யாராவது அந்த வாக்கியத்தைச் சொல்ல வேண்டும். பழக்கதோஷத்தில் மாப்பிள்ளையின் அப்பா தொண்டையைச் செருமினார். நான் முந்திக்கொண்டேன்.

"வீட்டுக்குப் போய் கலந்து பேசிட்டு சொல்றோம்."

பிரகாஷின் அம்மா எங்களோடு வாசல்வரை வந்தார். கையில் போன் இருந்தது. "எப்போ போன் பண்ணுவீங்க?" என்று கேட்டார். என்னிடம்தான் கேட்டார், அப்பாவிடம் இல்லை.

ஆட்டோ திரும்பியபோது எட்டிப் பார்த்தேன். இன்னும் அங்கேயே நின்றிருந்தார். எனக்குச் சிரிப்பாக வந்தது, சிரிக்கவும் செய்தேன். அம்மா என் தொடையில் ஒரு தட்டு தட்டினாள்.

"ஆமாவோ இல்லையோ, அது உன் இஷ்டம். ஞாயித்துக்கிழமைக்குள்ள சொல்லிடு. போனை மடியில வெச்சுக்கினு உக்காந்திருக்கறது இன்னான்னு எனக்குத் தெரியும்."